3,000 ரூபாயில் பாம்பன் தீவு: கொங்கு நாட்டிலிருந்து முதன்முறை கடலுக்குப் போகிறவர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் என்று எதை எடுத்தாலும் நம் மாவட்டங்களுக்குக் கடல் இல்லை. நமக்குத் தண்ணீர் என்றால் நொய்யல், பவானி, அமராவதி, காவிரி. அவற்றைவிட நெருக்கமானது தோட்டத்துக் கிணறு. ஆனாலும் ராமேஸ்வரம் போய்வந்த ஒருவராவது இல்லாத குடும்பம் நம் பக்கத்தில் அரிது. என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, மூன்று முறை போனவர். அக்னி தீர்த்தத்தில் முங்கியதையும், 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டதையும் வரிசையாகச் சொல்வார். "கடலோரம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தீர்களா அம்மிச்சி?" என்று ஒருநாள் கேட்டேன். "எங்கே கண்ணு, அதற்குள் வேன்காரர் கூப்பிட்டுவிட்டார்" என்றார்.

அந்தப் பதிலுக்காகவே இதை எழுதுகிறேன். ராமேஸ்வரம் என்பது ஊரின் பெயர். அது இருப்பது பாம்பன் தீவில். மூன்று பக்கம் திரும்பினாலும் கடல் தெரியும் அந்தத் தீவில், ஒரு முதுகுப் பையோடு போய் இரண்டு இரவு தங்கி, அவசரமில்லாமல் கடலோரம் இருந்துவிட்டு வர ஓர் ஆளுக்கு 3,000 ரூபாய் ஒதுக்கினால் போதும்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுப்பது

இடத்தைவிட நாள்தான் முக்கியம். காலண்டரை எடுத்து முதலில் அமாவாசைகளை அடித்துவிடுங்கள். தை, ஆடி, புரட்டாசி அமாவாசைகளில் முன்னோர் கடன் செய்ய வரும் கூட்டத்தில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கையைக் கடிக்கும். நான் முதன்முறை போனது ஒரு தை அமாவாசைக்கு முந்தின நாள். இரவு முழுக்க ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரும். பள்ளி விடுமுறைகளையும் சனி, ஞாயிறுகளையும் தவிர்த்து, செவ்வாயோ புதனோ போய் இறங்குவது போல வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் என்று கேட்டால் என் தேர்வு பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் முற்றியிருக்காது, வலசை வந்த பூநாரைகளும் திரும்பிப் போயிருக்காது.

இரண்டாம் படி: எந்தக் கடல் என்று முடிவு செய்வது

முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் அறியாமல் போவது இதைத்தான். பாம்பன் தீவின் தென்கிழக்கு முனையான அரிச்சல்முனை, தனுஷ்கோடியைத் தாண்டி வால் போல நீண்டு கடலுக்குள் போகிறது. ராமேஸ்வரத்திலிருந்து அந்தச் சாலையில் போகும்போது இடப்பக்கம் பாக் நீரிணை, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. சில இடங்களில் நின்ற இடத்திலிருந்தே இரண்டையும் பார்க்கலாம். மீனவர்கள் இடப்பக்கத்தைப் பெண் கடல் என்றும் வலப்பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே நாளில் ஒரே குணத்தில் இருப்பது குறைவு.

காரணம் காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்று மன்னார் வளைகுடாவைக் கொந்தளிக்க வைக்கும். அந்த மாதங்களில் இடப்பக்கம் ஏரி போலக் கிடக்கும். ஐப்பசியிலிருந்து வாடைக் காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும்.

இதை ஊகிக்க நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து, பல்லடத்திலும் தாராபுரத்திலும் மண்ணை வாரி இறைத்து, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறதே ஆடிக் காற்று, அதுவும் இந்தத் தென்மேற்குப் பருவக் காற்றுதான். உங்கள் வாசலில் காய்கிற துணி கொடியோடு பறக்கிற காலமென்றால், தனுஷ்கோடிச் சாலையில் இடப்பக்கம் இறங்குங்கள். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து கடல் அவ்வளவு தூரத்தில் இருப்பதாகத் தோன்றுவதில்லை.

மூன்றாம் படி: போய்ச் சேர்வது

கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சி, மானாமதுரை வழியாக ராமேஸ்வரத்துக்கு வாரம் ஒருமுறை இரவு ரயில் இருக்கிறது. அது ஓடும் நாள் உங்களுக்கு ஒத்துவந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். படுக்கை வசதி டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஓர் இரவு அறை வாடகையும் அதில் மிச்சம்.

விடியலில் பாம்பன் பாலம் வரும்போது தூங்கிக்கொண்டிருக்காதீர்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் போக்குவரத்து நின்றுவிட்டது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில்கள் மண்டபத்தோடு திரும்பின. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. கப்பல் கடக்க வேண்டிய நேரத்தில் அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே உயரும். ரயில் மெதுவாகத்தான் போகும். கதவருகே நிற்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள்.

ரயில் ஒத்துவராவிட்டால் பஸ். கோவையிலிருந்து நேரடிப் பேருந்துகள் உண்டு. கிடைக்காவிட்டால் சிங்காநல்லூரில் மதுரை பஸ் ஏறலாம். பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாகப் போகும். இங்கே ஒரு விஷயத்தில் புதியவர்கள் திணறுவார்கள். நம் பக்கத்து வண்டிகள் போய் நிற்பது மதுரை ஆரப்பாளையத்தில். ராமேஸ்வரம் வண்டிகள் புறப்படுவது மாட்டுத்தாவணியில். நகரப் பேருந்து பிடித்து நிலையம் மாற வேண்டும், அதற்கு ஒரு மணி நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். பேருந்து தீவுக்குள் நுழைவது 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் வழியாக.

நான்காம் படி: பை

சின்னப் பை போதும். இரண்டு மாற்று உடை, ஒரு செருப்பு, இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்கள், தலையில் கட்ட ஈரோட்டுத் துண்டு. குடை வேண்டாம், முனையில் அடிக்கும் காற்றில் கம்பி வளைந்துவிடும். கட்டாயம் எடுத்துக்கொள்ளச் சொல்வது சென்னிமலைப் போர்வை ஒன்று. ரயிலில் போர்த்திக்கொள்ளலாம், மணலில் விரிக்கலாம், அலசிப் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

முதல் இரவுக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். கடலோரத்துக்கு வறுத்த நிலக்கடலையும், பேக்கரியில் வாங்கிய தேங்காய் பன்னும்.

ஐந்தாம் படி: தங்குவது

கோயிலைச் சுற்றிய தெருக்களில் லாட்ஜுகளும், தேவஸ்தான விடுதிகளும், பல சமூகத்தாரின் மடங்களும் சத்திரங்களும் நிறைய. இருவராகப் போனால் செலவு பாதியாகும். அறையைப் பார்த்து, குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடல் தெரியும் அறைக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. பகலெல்லாம் நீங்கள் கடலிலேயே இருக்கப் போகிறீர்கள்.

என் கணக்கு இது: போக வர 1,000, இரண்டு இரவுக்கு என் பங்கு வாடகை 1,000, சாப்பாடு 600, உள்ளூர்ப் பேருந்தும் ஆட்டோவும் 400.

ஆறாம் படி: முனையில் ஒரு நாள்

காலை முதல் வேலையாக அரிச்சல்முனைக்குப் போகும் அரசுப் பேருந்தைப் பிடியுங்கள். பத்து மணிக்குமேல் வேன்கள் வரத் தொடங்கும். அதற்கு முந்தின இரண்டு, மூன்று மணி நேரம்தான் உங்களுக்கானது. இரவில் அங்கே தங்க அனுமதி இல்லை. மாலையில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். எனவே கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் கோதண்டராமர் கோயில் தனியாக நிற்பது தெரியும். அதன் சுற்றுப்புறத்து ஆழமற்ற நீர்ப்பரப்பில் குளிர்காலத்தில் பூநாரைகள் நிற்கும். தூரத்தில் வெள்ளைக் கோடு போலத் தெரிவது திடீரென்று எழுந்து பறக்கும்போது சிறகடியில் இளஞ்சிவப்பு விரியும். 2025இல் தமிழக அரசு தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. அருகே போய் விரட்டிப் படம் எடுக்காதீர்கள். நெடுந்தூரம் பறந்து வரும் பறவைக்கு அந்த இரைநேரம் விலைமதிப்பில்லாதது.

பேருந்து முனையில் இறக்கிவிடும். எல்லோரும் அங்கேயே நிற்பார்கள். நீங்கள் வந்த திசையிலேயே ஒரு கிலோமீட்டர் கரையோரமாகத் திரும்பி நடங்கள். அவ்வளவுதான், மனிதக் குரல் நின்றுவிடும். போர்வையை விரித்து உட்காருங்கள். செல்பேசியைப் பைக்குள் போடுங்கள். முதல் அரைமணி நேரம் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனது பரபரக்கும். பிறகு அடங்கும். அலை வந்து போன ஈர மணலில் நண்டுகள் வளையைவிட்டு வெளியே வந்து பார்ப்பது, நாம் அசையாமல் இருந்தால்தான் தெரியும். நான் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில், மணலில் கையால் பள்ளம் தோண்டிக் குடத்தில் நீர் முகந்துகொண்டிருந்த ஒரு பாட்டியைப் பார்த்தேன். இரண்டு கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர்! மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது, மணலுக்கடியில் அதன்மேல் மிதந்து தங்கிவிடுகிறது. நானூறு அடி, ஐந்நூறு அடி என்று ஆழ்துளைக் கிணறு போட்டுப் பழகிய ஊரிலிருந்து போன எனக்கு, அந்த ஒரு முழப் பள்ளத்தை விட்டு நகர மனம் வரவில்லை. "குடிக்கிறாயா தம்பி?" என்று கேட்டு ஊற்றினார். இனித்தது.

தனுஷ்கோடி இடிபாடுகளுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1914 முதல் இங்கே வரை ரயில் வந்தது. இங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அலை ஊரை அழித்தது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. தேவாலயத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். அது பல குடும்பங்களுக்குத் துக்க வீடு.

மதியச் சாப்பாட்டுக்கு மீனவக் குடும்பங்கள் நடத்தும் கொட்டகைக் கடைகள் உண்டு. அன்றைக்கு வந்த மீனைக் காட்டச் சொல்லி, விலையைக் கேட்டுவிட்டு, பிறகு பொரிக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அப்போது வரத்துக் குறைந்து விலை ஏறியிருக்கும்.

ஏழாம் படி: தண்ணீரில் இறங்குவது

நம்மில் பலர் கிணற்றில் நீச்சல் கற்றவர்கள். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக் குதித்து, அறுபதடிக் கிணற்றில் அடி மண் எடுத்து வந்தவர்களும் இருப்பார்கள். அந்தத் தைரியத்தைக் கரையிலேயே வைத்துவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கடல் தண்ணீர் நடந்துகொண்டே இருக்கும். அரிச்சல்முனையில் இரண்டு கடலும் சேருமிடத்தில் நீரோட்டம் ஆளை இழுத்துப் போகும். அங்கே முழங்கால் நனையக்கூட இறங்க வேண்டாம். எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும் இதில் விலக்குக் கிடையாது.

குளிக்க வேண்டுமென்றால் ராமேஸ்வரத்துக்கே திரும்பி வந்து, சங்குமால் கடற்கரையிலோ அக்னி தீர்த்தத்திலோ ஆட்கள் இருக்கும் இடத்தில் இடுப்பளவுக்குள் இறங்குங்கள். காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை மீன் அந்த அதிர்வில் விலகிப் போய்விடும். கண்ணாடி போல மிதக்கும் சொறி என்கிற ஜெல்லி மீனைத் தொடாதீர்கள், உடல் எரியும்.

கரையில் கிடக்கும் பவளப்பாறைத் துண்டு அழகாக இருக்கும். எடுக்காதீர்கள். பவளமும் கடல் அட்டையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்பதால், சொந்தமாகப் படகு பிடித்து எந்தத் தீவிலும் இறங்கக் கூடாது. குருசடைத் தீவுப் பக்கம் வனத்துறை படகு விடுகிறது. அன்று ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

எட்டாம் படி: இரண்டாம் நாளும் திரும்புவதும்

இரண்டாம் நாள் சங்குமாலில் சூரிய உதயம், பிறகு கோயில், பிறகு பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். மாலையில் குந்துகால் போய்விடுங்கள். விவேகானந்தர் 1897இல் வந்து இறங்கிய இடம் அது. அங்கே மீன்பிடிப் படகுகளைப் பார்த்துக்கொண்டு பொழுது சாயும் வரை இருக்கலாம்.

கிளம்பும் நாளில் உப்பேறிய துணியை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிடுங்கள். வீட்டில் கேட்பார்கள் என்பதால் பாம்பனில் கருவாடு வாங்கிக்கொள்ளலாம். நம் சந்தைகளில் கிடைக்காத அளவுக்கு நெத்திலி இளசாக இருக்கும். செய்தித்தாளில் சுற்றி, மூன்று உறைகளில் போட்டு இறுகக் கட்டி, பையின் அடியில் வையுங்கள். போர்வையை மட்டும் அதன்மேல் வைக்காதீர்கள், திரும்பும் வழியில் அதைத்தான் போர்த்திக்கொள்ளப் போகிறீர்கள்.