குள்ளநரிக்கு மூவ்செட் எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

வடபழனியில் ஒரு மொட்டை மாடி அறையில் ஞாயிறுதோறும் ஃபைட்டிங் கேம் ஆடக் கூடுகிறோம். வரும் பையன்களில் பாதிப் பேர் கையில் ஒரு நோட்டு இருக்கும். ஏதோ ஒரு கார்ட்டூன் துணைப் பாத்திரம் சண்டை போட்டால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து எழுதிய மூவ்செட், அதாவது அதன் அடி, உதை, வித்தைகளின் பட்டியல். டோராவில் வரும் குள்ளநரி, டாம் அண்ட் ஜெர்ரியில் எப்போதாவது தலைகாட்டும் கறுப்புப் பூனை, இப்படி. யாரும் நாயகனுக்கு எழுதுவதில்லை. அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். தவறுகள்தான் மாறவே மாட்டேன் என்கின்றன. ஒரு காலத்தில் எங்கள் செட்டு செய்த அதே கூத்து. ஹெல்த் அதிகம், அடி பலம் போதாது போன்றவற்றை இங்கே சொல்லவில்லை. நாலு ஆட்டம் ஆடினால் அவை தானே தெரிந்துவிடும்.

எல்லாருக்கும் ஒரு நெருப்புப் பந்து

ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ரியூ ஹடோகென் என்ற நெருப்புப் பந்தை வீசுகிறான், அதனால் என் பாத்திரமும் எதையாவது வீசியாக வேண்டும் என்று ஆரம்பிக்காதீர்கள். அது கார்ட்டூனில் என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டில் பிரானா பிளான்ட் ஆடும் பாத்திரமாக வந்தபோது பலர் சிரித்தார்கள். மேரியோவில் குழாய்க்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் செடி, அவ்வளவுதானே? ஆனால் முள்பந்தை ஊதித் தலைக்கு மேல் மிதக்கவிடுவதை மேரியோ கேம்களில் அந்தச் செடியின் ஒரு வகை ஏற்கெனவே செய்திருக்கிறது. அங்கிருந்து எடுத்து இங்கே வைத்தார்கள்.

இதைவிட நல்ல பாடம் 2011இல் வந்த அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் காப்காம் 3. அதில் வரும் ஃபீனிக்ஸ் ரைட், ஏஸ் அட்டார்னி கேம்களின் வக்கீல். குத்துச்சண்டையும் தெரியாது, குங்ஃபூவும் தெரியாது. சண்டைக்கு நடுவே ஆதாரம் தேடிப் பொறுக்குவார். உருப்படியான ஆதாரம் மூன்று சேர்ந்ததும் ‘அப்ஜெக்‌ஷன்’ என்று கத்துவார். அது எதிராளி மேல் பட்டுவிட்டால் அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது. கோர்ட்டில் செய்த வேலையையே மூவ்செட் ஆக்கியிருக்கிறார்கள்.

சாதா அடியை மறப்பது

நோட்டில் எட்டு ஸ்பெஷல் (ஹடோகென் மாதிரி பட்டன் வரிசை போட்டு வரவழைக்கும் வித்தை) இருக்கும், உட்கார்ந்து உதைப்பது எப்படி என்று ஒரு வரி இருக்காது. ஆட்டத்தில் பாதி நேரம் அழுத்தப்போவது அந்தப் பட்டனைத்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டரின் தால்சிமிடமிருந்து, வாயால் நெருப்பு ஊதும் யோகா ஃபயரை எடுத்துவிட்டாலும் நீளும் கைகால் போதும், அது தால்சிம் என்று தெரிந்துவிடும்.

பயந்தாங்கொள்ளியைப் பலசாலியாக்குவது

ஸ்கூபி-டூவின் பயந்தாங்கொள்ளி ஷாகியை மகா பலசாலியாகக் காட்டும் மீமுக்கு எல்லாரும் சிரித்தாயிற்று. விடுங்கள்.

எதிராளி என்ற ஒருவன் இருப்பதையே மறப்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன். குள்ளநரியை எடுத்துக்கொண்டான். நீல முகமூடி, கையுறை, பூனைநடை எல்லாம் அச்சு அசல். செமஸ்டர் லீவு முழுக்க உட்கார்ந்து படங்களை வரைந்து, மூகெனில் ஏற்றிக் கொண்டுவந்தான். (மூகென் 1999இலிருந்து புழங்கும் இலவச எஞ்சின். மூவ்களெல்லாம் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும், நோட்பேடிலேயே திருத்தலாம்.) அவனுடைய பெருமையெல்லாம் ஒரே மூவில்தான்: திருட்டு. பாதித் திரை தூரம் பாயும், பிளாக் செய்ய முடியாது, நாலாவது ஃபிரேமில், அதாவது கண் இமைப்பதற்குள், பிடித்துவிடும். பிடித்தால் எதிராளியின் ஸ்பெஷல் ஒன்று அந்த ரவுண்டு முடியும்வரை காலி. “அண்ணா, இதைத் தடுக்கவே முடியாது” என்றான் பெருமையாக.

ஸ்ட்ரீட் ஃபைட்டரின் கென்னை எடுத்திருந்த அவன் நண்பனுக்கு முதலில் ஹடோகென் போனது, அப்புறம் மேலே எகிறிக் குத்தும் ஷோர்யூகென். கட்டைவிரல் பழக்கதோஷத்தில் ஹடோகெனுக்கான கால்வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது, திரையில் கென் வெறுமனே குத்திக்கொண்டிருந்தான். அடுத்த ரவுண்டு பாதியிலேயே கன்ட்ரோலரைப் பாயில் வைத்துவிட்டுக் கேட்டான்: “டேய், இதுக்கு நான் என்னடா பண்ணணும்?”

அந்தக் கேள்விக்கு நோட்டில் பதிலே கிடையாது.

கணக்கு சொல்கிறேன். விநாடிக்கு 60 ஃபிரேம். ஒரு மூவ் என்றால் கிளம்பும் நேரம், அடி படும் நேரம், பழைய நிலைக்கு மீளும் நேரம் என்று மூன்று பகுதி. கண் பார்த்துக் கை அசையக் கிட்டத்தட்ட கால் விநாடி, அதாவது 15 ஃபிரேம் போய்விடும். நாலு ஃபிரேமில் வருவதைப் பார்த்துத் தடுக்க மனிதனால் ஆகாது. ஸ்ட்ரீட் ஃபைட்டரின் மல்யுத்த வீரர் ஜாங்கிஃபின் பிடியும் வேகம்தானே என்பீர்கள். வேகம்தான். ஆனால் பக்கத்தில் வந்து சேர்வதற்குள் அவர் படாதபாடு படுகிறார், பிடி தவறினால் வெறுங்கையோடு நின்று உதை வாங்குகிறார். இவனுடைய நரிக்கு அந்தக் கஷ்டம் ஒன்றுகூட இல்லை.

இதில் என்னைக் கடுப்பேற்றியது, பதில் கார்ட்டூனிலேயே இருந்ததுதான். சுட்டி டிவி பார்த்து வளர்ந்த எவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: “குள்ளநரி திருடக்கூடாது.” மூன்று முறை சொன்னால் நரி விரலைச் சொடுக்கி நொந்துகொண்டே போய்விடும். எதிராளி செய்ய வேண்டியதைப் பாட்டன் காலத்துச் சொத்து மாதிரி எழுதியே கொடுத்துவிட்டார்கள். இவன் திருட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அதை விட்டுவிட்டான்.

பிறகு எல்லாரும் உட்கார்ந்து மாற்றினோம். திருட்டு கிளம்ப 30 ஃபிரேம். நரி பதுங்கி வருவது கண்ணுக்குத் தெரியும். அதற்குள் எதிராளி ஒரு பட்டனை மூன்று தடவை தட்டினால் நரி நின்று விரலைச் சொடுக்கும், அந்த 40 ஃபிரேமும் அது திறந்த வீடு. ஆனால் தட்டுகிறவனால் அந்த நேரத்தில் பிளாக் செய்ய முடியாது. அதனால் நரி திருடுவதுபோலப் போக்குக் காட்டிப் பாதியில் நிறுத்தி, காலை வாரலாம். அப்போதுதான் தட்டலாமா வேண்டாமா என்று எதிராளி யோசிப்பான். திருடிய ஸ்பெஷலும் காணாமல் போகாது. டோராவில் நரி திருடியதைத் தூக்கி எங்கேயோ வீசுமே, அதேபோல மேடையின் ஒரு மூலையில் விழும். நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம். எதிராளி எங்கே போவான் என்று நரிக்கு முன்கூட்டியே தெரியும், வழியை மறித்து நிற்கும். இப்போது நரிக்கு ஆடுவதற்கு ஒரு திட்டமே கிடைத்துவிட்டது. முன்பு இருந்தது ஒரு பட்டன்தான்.

நாலு ஃபிரேமுக்கு வரைந்த பாய்ச்சல் 30 ஃபிரேமுக்குப் பொருந்தாது. அதைச் சுற்றி வரைந்த எதுவும் பொருந்தவில்லை. லீவில் போட்ட உழைப்பில் பெரும்பகுதி குப்பைக்குப் போனது. வரைவதற்கு முன்னால் நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ‘நான் செய்வது’, வலப்பக்கம் ‘அவன் செய்வது’ என்று எழுதியிருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தெரிந்திருக்கும். வலப்பக்கம் காலியாக இருக்கும் எந்த மூவையும் இப்போதெல்லாம் நான் ஆடிப் பார்ப்பதே இல்லை, நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

சூப்பர்

மீட்டர் நிரம்பியதும் போடும் அந்தப் பெரிய அடி ஒன்று போதும்.

பெயர் வைப்பது

எல்லாம் முடிந்த பிறகு.

பட்டன் வரிசை

குணத்துக்கு ஏற்ற உள்ளீடு வையுங்கள். பதுங்கும் நரிக்குச் சார்ஜ் பொருந்தும்: பின்பக்கம் அழுத்திப் பிடித்து, முன்பக்கம் தள்ளிப் பட்டன். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் கைலை ஆடிப் பழகியவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். இரண்டின் அசைவும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால், முன்னால் நடந்தபடி ஹடோகென் போடப்போய் ஷோர்யூகென் வந்து விழுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒன்றோடொன்று இடிக்கும் அந்த இரண்டு உள்ளீட்டையும் ஒரே பட்டனில் வைத்தால், திருட வந்த நரி அந்தரத்தில் குதித்துக்கொண்டிருக்கும்.