121 முறை தோற்ற அணியும் மூன்று இன்னிங்ஸ் ரசிகனும்

2025 ஐபிஎல்லில் சென்னை அணி 14 ஆட்டத்தில் நாலே நாலு ஜெயித்துக் கடைசி இடத்துக்குப் போனபோது கொடைக்கானல் மூஞ்சிக்கல் டீக்கடை துக்க வீடு மாதிரி இருந்தது. "இதெல்லாம் ஒரு தோல்வியாண்ணே?" என்று வாய் வரைக்கும் வந்ததை டீயோடு விழுங்கிக்கொண்டேன். அதற்கு முந்தைய வருஷம் என் அணி தோற்றது 121 ஆட்டம்.

அணி, சிகாகோ வைட் சாக்ஸ். ஆட்டம், பேஸ்பால். கொடைக்கானல்காரனுக்கு இந்த வியாதி எங்கே ஒட்டியது என்று கேட்பார்கள். 1901லேயே அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் இது. அப்பா சமையல் வேலை பார்த்த ஓர் அமெரிக்க வீட்டார் ஊர் திரும்பும்போது விட்டுப்போன தோல் கையுறை ஒன்று எங்கள் பரணில் கிடந்தது. அவர்கள் சிகாகோவின் தெற்குப் பக்கம். வடக்கு என்றால் கப்ஸ், தெற்கு என்றால் வைட் சாக்ஸ். அவ்வளவுதான் நான் அணியைத் தேர்ந்தெடுத்த லட்சணம். 88 வருஷம் காத்திருந்து 2005ல் வைட் சாக்ஸ் வேர்ல்ட் சீரீஸ் என்கிற இறுதிக் கோப்பையை ஜெயித்தபோது எனக்குச் சேதியே வரவில்லை. போனில் பார்க்க ஆரம்பித்தது 2021ல். அந்த வருஷம் 93 வெற்றி, பிரிவில் முதலிடம். நல்லா ஆடுகிற வருஷம் பார்த்துப் போய் மாட்டிக்கொள்வது முதல் தவறு. அப்புறம் வரிசையாக 81, 61, 41.

பெரிய தவறு, கிரிக்கெட் மனசோடு பேஸ்பால் பார்ப்பது. ஐபிஎல்லில் ஒரு தோல்வி என்றால் பதினாலில் ஒன்று போச்சு. வலிப்பதில் நியாயம் உண்டு. இங்கே மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம், மொத்தம் 162. 2024ல் கோப்பை வாங்கிய லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ்கூட பிளே ஆஃபுக்கு முன்னால் 64 முறை தோற்றது. ஒவ்வொன்றுக்கும் சோறு இறங்காமல் உட்கார்ந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

நான் உட்கார்ந்தேன். சிகாகோவில் ராத்திரி ஆட்டம் என்றால் நமக்குக் காலை ஐந்து மணிக்கு மேல். நாயுடுபுரத்தில் நாலு அறை வாடகைக்கு விடுகிறவன் நான். சீசன் நேரத்தில் கம்பளிக்குள் போனை வைத்துக்கொண்டு ஒன்பது இன்னிங்ஸும் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு அவ்வளவு, ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் ஒரு முறை பேட் பிடிக்கும்) பார்த்துவிட்டு, எட்டு மணிக்கு அறை காலி செய்கிறவர்களிடம் உர்ரென்று பில்லை நீட்டினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? "ஏங்க, எவனோ தோத்தா உங்களுக்கென்ன? மூணாம் நம்பர்ல வெந்நீர் கேக்குறாங்க" என்றாள் மனைவி. அன்றிலிருந்து மூன்று இன்னிங்ஸோடு சரி. ஒரு மணி நேரம்கூட ஆகாது. பந்து வீசுகிறவர் இத்தனை நொடிக்குள் வீச வேண்டும் என்று 2023ல் கடிகாரம் வைத்த பிறகு முழு ஆட்டமே இரண்டரை மணி நேரம் சொச்சம்தான். மூன்றாவது இன்னிங்ஸ் முடிகிறபோது எவ்வளவு மோசமான அணியும் பல நாள் சமநிலையில்தான் நிற்கும். வெந்நீர் போட அதுதான் சரியான நேரம்.

தோல்விக்கு ஒரு லாபக்கணக்கு எழுதிக்கொள்வது அடுத்தது. 'நிறையத் தோற்றால் அடுத்த வருஷம் இளம் வீரர்களை எடுப்பதில் முதல் வாய்ப்பு நமக்கு' என்று நானும் நம்பினேன். இப்போது அதைக் குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அதிலும் சிகாகோ மாதிரி பெரிய சந்தை உள்ள அணி அடுத்தடுத்து இரண்டு வருஷம் குலுக்கலில் இடம் வாங்க முடியாது. 121 தோல்விக்குக் கிடைத்தது பத்தாவது இடம்! இது எங்கள் மாமா பூண்டு போட்ட கதை. வடுகபட்டிச் சந்தையில் விலை விழுந்த வருஷம், "அடுத்த போகம் எவனும் போட மாட்டான், விலை நமக்குத்தான்" என்றார். எல்லாருமே அப்படி நினைத்துப் போட்டிருந்தார்கள்.

சாபம், பரிகாரம் பக்கமும் போகாதீர்கள். 1945ல் ஆட்டுக்கிடாவோடு வந்த ஒருவரை மைதானத்திலிருந்து அனுப்பிய சாபத்தால்தான் கப்ஸ் ஜெயிக்கவில்லை என்பார்கள். 1908க்கு அப்புறம் 2016ல்தான் ஜெயித்தது. எங்கள் அணிக்கு 1919ல் சூதாட்டக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு தோற்றதாக எட்டுப் பேர் ஆயுள் தடை வாங்கிய பழி. 2024 ஜூலையில் தொடங்கி 21 ஆட்டம் தொடர்ந்து தோற்றபோது, குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் பதினொரு தேங்காய் வேண்டிக்கொண்டேன். குறிஞ்சிகூடப் பன்னிரண்டு வருஷக் கணக்கு தவறாமல் பூக்கிறது, இவர்களுக்கு என்ன கேடு என்ற ஆத்திரம். ஆகஸ்ட் 7 காலை, ஓக்லாந்தில் ஜெயித்தார்கள். தேங்காயை உடைக்கப் போனால், "என்ன விசேஷம் தம்பி?" என்றார் குருக்கள். "ஒரு வழக்கு முடிஞ்சது சாமி" என்று சொல்லிவைத்தேன். வழக்கு எங்கே முடிந்தது? தேறிய ஆட்களை 2023லிருந்தே ஒவ்வொருவராக வேறு அணிகளுக்கு மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தேங்காய் என்ன செய்யும்?

இதைவிடக் கேவலமான தவறு ஒன்றும் செய்தேன். செப்டம்பரில் 120 தோல்வி ஆனது. 1962ல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற அதே எண்ணிக்கை. 1900க்கு அப்புறம் ஓர் அணி ஒரே சீசனில் தோற்றதில் அதுதான் அதிகம். 'எப்படியும் தோற்கப்போகிறார்கள், சரித்திரத்திலாவது ஏறட்டும்' என்று 121க்காகக் காத்திருந்தேன். சொந்த ஊர் மைதானத்தில் மூன்று நாளும் ஜெயித்துத் தொலைத்தார்கள். தோற்கக்கூட ஒழுங்காகத் தெரியவில்லையே என்று போனைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான், மூன்று நாளாக எதிரணிக்குக் கை தட்டிக்கொண்டிருந்தது உறைத்தது. 28ஆம் தேதி காலை டெட்ராய்ட்டில் 121 ஆனது. அந்த வெற்றியால் பிளே ஆஃபுக்குப் போன டெட்ராய்ட்காரர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

அணி மோசம் என்றால் ஒரே ஒரு வீரனைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். எனக்குப் பந்து வீசுகிற கேரட் குரோஷே. நம்மூர் கேரட்தான், பெயர் மறக்காது. 2024ல் 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தவன், அதாவது பந்தை அடிக்கவே விடாமல் வெளியே அனுப்பியவன் கணக்கில் 6 வெற்றி, 12 தோல்வி. நம் ஆட்கள் ரன் எடுக்காவிட்டால் அவன் பெயரில்தான் தோல்வி எழுதுவார்கள். அந்த வெற்றி தோல்விக் கணக்கைப் பார்க்கவே பார்க்காதீர்கள். சிகாகோவில் இருக்கிற சித்தி மகனிடம் சொல்லி குரோஷே பெயர் போட்ட 45ஆம் நம்பர் சட்டை வாங்கினேன். நவம்பரில் கைக்கு வந்தது. டிசம்பரில் அவனை பாஸ்டனுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போய் 18 வெற்றி, 5 தோல்வி.

வாங்கத்தான் வேண்டுமென்றால் பெயர் போடாத சட்டையாக வாங்குங்கள். என்னுடையதைக் காலையில் ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொள்கிறேன். இந்தக் குளிரில் யாருக்கும் தெரியாது.