கதாபாத்திரத்துக்கு ஏற்ற வாசனையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கதாபாத்திரத்தின் முடி, நடை, பேச்சு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எழுதுகிறோம். வாசனை என்று வந்தால் மட்டும் ‘மல்லிகை மணம் வீசியது’ என்பதோடு முடித்துக்கொள்கிறோம். என் நாவலின் முக்கியப் பாத்திரங்களுக்கு வாசனை தேடியபோது கைகொடுத்த வழியை இங்கே தருகிறேன். பாத்திரத்தின் வயது, தொழில், குணம் எல்லாம் நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்திருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: சென்ட் பாட்டிலை ஒதுக்கி வையுங்கள்

முதலில் தொழிலைப் பாருங்கள். பல் மருத்துவரின் கையில் கிராம்பு எண்ணெய் நெடி இருக்கும். அதிலுள்ள யூஜெனால் என்ற வேதிப்பொருள் பல் சிகிச்சையில் பயன்படுகிறது. பழைய புத்தகங்களை பைண்டிங் செய்யும் பெண்ணிடம் பசை, தோல், கூடவே லேசான வனிலா சாயல். தாளிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் சிதைவதால் வருவது அது. இவையெல்லாம் அவர்கள் கேட்டு வாங்காத வாசனைகள். விரும்பிப் பூசுவது இதற்கு மேல்தான் வரும். பசை வாடை தெரியாமலிருக்க அவள் ரோஜா அத்தரை அள்ளித் தடவுகிறாள் என்று எழுதிவிட்டால், அவளுடைய கூச்சத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

படி 2: நேரத்தைக் கணக்கில் எடுங்கள்

எலுமிச்சை, பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்) போன்றவை ஏறக்குறைய அரை மணி நேரத்தில் பறந்துவிடும். ரோஜா, மல்லிகை சில மணி நேரம் தாங்கும். சந்தனம், வெட்டிவேர், பச்சோலி (ஒரு மண இலை), கஸ்தூரி மறுநாளும் துணியில் நிற்கும். காலையில் பூசிய எலுமிச்சை மணம் இரவுக் காட்சியிலும் கமகமக்கக் கூடாது. துப்பறியும் கதை எழுதுபவர்களுக்கு இது பெரிய வசதி. அறையில் பெர்கமாட் இருந்தால் ஆள் இப்போதுதான் போயிருக்கிறார்; சந்தனம் மட்டும் மிஞ்சியிருந்தால் போய் வெகு நேரமாகிவிட்டது.

படி 3: முகர்வது யாருடைய மூக்கு?

நான் அதிக நேரம் செலவிட்டது இந்தப் படியில்தான். எந்த வாசனையானாலும் மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். ஆகவே நாள் முழுவதும் ‘தன் மேல் வீசிய மணத்தை ரசித்தபடி இருந்தாள்’ என்பது நிற்காது. ‘நான்’ என்று கதை சொல்பவர்களுக்கு இது பெரிய சிக்கல். வழி உண்டு. இன்னொருவர் வாயால் சொல்ல வைக்கலாம். பல மாதம் பெட்டியில் கிடந்த தன் ஸ்வெட்டரை எடுக்க வைக்கலாம். நீண்ட பயணம் முடிந்து கதவைத் திறக்கும் அந்த முதல் நிமிடம், சொந்த வீட்டின் வாசனை அவருக்கே தெரியும்.

அடுத்தது வரிசை. மற்றப் புலன்களின் செய்தி மூளையில் தலாமஸ் என்ற பகுதி வழியாகச் செல்கிறது. வாசனைச் செய்தி அங்கே நிற்காமல், உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியை எட்டிவிடும். அதனால் பல நேரம் உணர்வு முந்திக்கொள்ளும், பெயர் பிந்தி வரும். ‘வெட்டிவேர் மணம் வந்தது, அவளுக்கு அப்பா நினைவு வந்தது’ என்று எழுதாமல், இப்படி எழுதிப் பாருங்கள்:

கதவு திறந்தது. காரணம் தெரியாமல் அவள் தோள் இறுகியது. மாடிப்படி. அப்பாவின் காலடிச் சத்தம். அப்புறம்தான் பிடிபட்டது, வெட்டிவேர்.

படி 4: கதையின் காலம்

சரித்திரக் கதையா? கொலோன் என்ற லேசான சென்ட் வகை 1709 முதல் உண்டு. செயற்கை கூமரின் (காய்ந்த புல் வாசனை) 1868-லும், செயற்கை வனிலின் (வனிலா வாசனை) 1874-லும் வந்தன. ‘கடல் காற்று’ வாசனைக்கு அடிப்படையான கலோன் என்ற வேதிப்பொருள் 1966-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1950-ல் வாழும் நாயகன் அதைப் பூசிக்கொள்ள முடியாது.

படி 5: முகர்ந்து பாருங்கள்

விளம்பர வர்ணனையை நம்பி எழுதாதீர்கள். பிரபலமான பெர்ஃப்யூமை வாங்குவதைவிட, ஒற்றை வாசனை எண்ணெய்கள் சிறு பாட்டில்களில் நாலைந்து இருந்தால் போதும் என்பேன். காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டு, பெயரும் நேரமும் எழுதுங்கள். உடனே ஒரு தடவை, அரை மணி கழித்து, பிறகு மறுநாள் காலை. வேறெதிலும் கலந்து நீர்க்கச் செய்யாத எண்ணெயை நேரடியாகத் தோலில் தடவ வேண்டாம், எரியும். நடுவில் மூக்கு அலுத்துப்போனால் காபிக் கொட்டை தேவையில்லை. எதுவும் பூசாத முழங்கை மடிப்பை முகர்ந்தாலே போதும்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் வந்த இரண்டு கேள்விகள்.

பாத்திரம் வரும்போதெல்லாம் வாசனையைச் சொல்ல வேண்டுமா? வேண்டாம். முதல் தடவை அழுத்தமாகச் சொல்லுங்கள். பிறகு அது மாறும்போதோ காணாமல் போகும்போதோ மட்டும் போதும்.

கற்பனை உலகக் கதைக்கு என்ன செய்வது? இல்லாத பூவுக்குப் பெயர் மட்டும் வைத்தால் வாசகர் மூக்குக்கு எதுவும் எட்டாது. தெரிந்த இரண்டைச் சேருங்கள்: ஈர மண்ணும் துருப்பிடித்த இரும்பும், அல்லது கற்பூரமும் நனைந்த கம்பளியும். பூவின் பெயரை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.