தொண்டை நோ மாறிய பின் மூட்டு வீங்கினால் செய்யக்கூடாதவை

பிள்ளையின் முழங்கால் வீங்கிவிட்டால் வீட்டில் முதலில் நடப்பது விசாரணை: "எங்கே விழுந்தாய்?" இரண்டு மூன்று வாரத்துக்கு முன் வந்துபோன தொண்டை நோ அப்போது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. அதை வைத்தியரிடம் சொல்லாமல் விடுவதே பெரிய தவறு. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியாவோடு போராடிய உடலின் எதிர்ப்புச் சக்தி, சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத் தன் மூட்டுகளையே தாக்குகிறது. அது இருதய வால்வையும் தாக்கக்கூடிய வாதக் காய்ச்சலாக இருக்கலாம்.

குளிசையில் நடப்பது இன்னும் மோசம். பெனிசிலின் 10 நாளுக்குத் தந்திருப்பார்கள். மூன்றாம் நாள் தொண்டை சுகமானதும் மிச்சம் அலுமாரிக்குப் போகும். அடுத்த மாதம் தம்பிக்குத் தொண்டை நொந்தால் அதில் இரண்டு அவனுக்கு. இருவருக்கும் அரைகுறை வைத்தியம். தொண்டை நோ தொடங்கி 9 நாளுக்குள் மருந்தை ஆரம்பித்து முழுவதும் முடித்தால் வாதக் காய்ச்சலைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

எண்ணெய் போட்டு உருவுவதையும் விடுங்கள். போர்வை பட்டாலே அலறுகிற முழங்கால் அது. வைத்தியர் பார்க்குமுன் அஸ்பிரின், இபுப்ரோபன் போன்ற வலிமாத்திரை கொடுத்தால் நோயின் தடமே மறைந்துவிடும்: வாதக் காய்ச்சலில் நோ இன்று முழங்காலிலும் நாளை கணுக்காலிலும் என்று மாறி மாறி வரும், தொண்டை நோவுக்குப் பின் வரும் வெறும் மூட்டழற்சி என்றால் பிடித்த இடத்திலேயே நிற்கும். அதோடு, மாரி மழைக்குப் பிறகு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் டெங்கு பரவும் காலம். டெங்கு இல்லை என்று தெரியும்வரை அஸ்பிரினோ இபுப்ரோபனோ வேண்டாம், இரத்தக்கசிவு ஏற்படலாம். பரசிற்றமோல் போதும், அதுவும் அளவோடு.

ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொற்று வந்துபோனதைக் காட்டும் ஏ.எஸ்.ஓ. இரத்தப் பரிசோதனை கூடியிருப்பதை மட்டும் வைத்து வாதக் காய்ச்சல் என்று முடிவுகட்டவும் முடியாது.

மூட்டு வீக்கம் தழும்பில்லாமல் ஆறிவிடும். இருதய வால்வு அப்படியல்ல. அதனால்தான் இருதயத்தை ஸ்கான் செய்து பார்க்கும் எக்கோ பரிசோதனையும், வாதக் காய்ச்சல் என்றால் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியும். குறைந்தது 5 ஆண்டு, இருதயம் பாதிக்கப்பட்டிருந்தால் அதற்கும் மேல். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் அறுவடை நாட்களில் பஸ் பிடித்து கிளினிக் போவது சிரமம்தான். ஆனால் ஓடியாடித் திரிகிற பிள்ளைக்கு ஏன் ஊசி என்று நிறுத்துவதற்கு அது காரணமாகாது. பெண்பிள்ளை என்றால் "இருதய வருத்தக்காரி" என்ற பெயர் வரும் என்று மறைப்பவர்களும் உண்டு. சுருங்கிய வால்வு பலருக்குக் கர்ப்ப காலத்தில்தான் மூச்சிரைப்பாகத் தலைகாட்டும். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலைக் கர்ப்பிணிக் கிளினிக்கில் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.