மொரீசியஸில் ஆட்டுப் பரண் அமைக்கும் முறை

தமிழ்நாட்டில் அச்சாகும் ஆடு வளர்ப்புக் கையேடுகளைப் பார்த்து மொரீசியஸில் பரண் (தரையிலிருந்து உயர்த்திய மரத்தளக் கொட்டில்) போடுகிறவர்கள், அவற்றில் உள்ள இட அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். திசையையும் கூரையையும் மட்டும் இந்தத் தீவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 பாகையில் நாம் இருப்பதால், ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான குளிர்மாதங்களில் வெயில் வடக்கிலிருந்து சாய்ந்து விழுகிறது. காற்றோ ஆண்டின் பெரும்பகுதியில் தென்கிழக்கிலிருந்து வீசுகிறது.

ஆகவே பரணின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மி.மீ. வரை மழை பெய்யும் நடுமேட்டுப் பகுதியில், அதாவது கியூர்பிப் பக்கத்தில், தெற்குப் புறத்தையும் கிழக்குப் புறத்தையும் பலகையால் அடைத்து வடக்கைத் திறந்து விட்டால், சாரல் உள்ளே வராது; குளிர்கால வெயிலும் குட்டிகள்மேல் படும். 900 மி.மீ. அளவே மழை காணும் மேற்குக் கரையில் அவ்வளவு அடைப்பு தேவையில்லை.

பரணின் உயிர் அதன் தளத்தில்தான் இருக்கிறது. தரையிலிருந்து 4 முதல் 5 அடி உயரத்தில் தளம் அமைந்தால், ஆள் குனிந்து உள்ளே சென்று புழுக்கையை வாரலாம். இதைவிடத் தாழ்த்தினால், ஒரு மாதத்திலேயே யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். வளர்ந்த ஆட்டுக்கு 15 சதுர அடியும் குட்டிக்கு 5 சதுர அடியும் ஒதுக்க வேண்டும். கிடாவுக்குத் தனி அறை வேண்டும். தளமாக அடிக்கும் மெல்லிய மரச்சட்டங்களான ரீப்பர் கட்டைகளுக்கிடையே வளர்ந்த ஆடுகளுக்கு ஒன்றரை முதல் 2 செ.மீ., குட்டிகளுக்கு 1 செ.மீ.க்குச் சற்று அதிகமாக இடைவெளி விட வேண்டும். இடைவெளி குறைந்தால் புழுக்கை அடைத்துக்கொண்டு ஈரம் நிற்கும், ஈரத்தில் குளம்பு அழுகலும் இரத்தக் கழிச்சலும் வரும். கூடினால் கால் சிக்கும். என் முதல் பரணுக்குப் பச்சை மரத்தை வாங்கி, ஒரே அளவான சிறு கட்டையை இடையில் வைத்துத்தான் ஆணி அறைந்தேன். மூன்று மாதத்தில் மரம் காய்ந்து சுருங்க, இடைவெளி விரிந்து, ஒரு குட்டியின் முன்னங்கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. அன்றிலிருந்து காய்ந்த மரத்தை மட்டுமே வாங்குகிறேன். சவுக்கு மரமானாலும் நிழலில் அடுக்கி ஆறவிட்ட பிறகே அறுக்கக் கொடுக்கிறேன்.

தீவனத் தொட்டியைப் பரணுக்கு வெளியே பொருத்தி, ஆடு தலையை மட்டும் நீட்டித் தின்னும்படி சட்டம் அடிக்க வேண்டும். தான் மிதித்த கரும்புத் தோகையை ஆடு மறுபடி முகர்ந்தும் பார்க்காது.

கூரைதான் நம் கவலை. கையேடுகள் இறவாரத்தை 3 அடி வரை நீட்டச் சொல்லும். அந்த நீட்சியின் அடியில் புயற்காற்று புகுந்து தகரத்தை மேலே தூக்கிவிடும். 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயலின்போது மணிக்கு 280 கி.மீ. வேகத்தில் காற்று வீசிய தீவு இது. இறவாரம் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம்; மீதிச் சாரலைச் சுருட்டிக் கட்டக்கூடிய தார்ப்பாய் தடுக்கும். நான்கு பக்கமும் சரியும் கூரை, இரு பக்கம் சரிவதைவிட நன்றாகத் தாங்கும். தகரத்தை ஆணியால் அறையாமல், வாஷர் வைத்த ஸ்க்ரூவால் முடுக்க வேண்டும். கூரைச் சட்டத்தைத் தூணோடும், தூணைக் கான்கிரீட் அடித்தளத்தோடும் இரும்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். இவ்வளவு செய்த பிறகும், கடும்புயல் எச்சரிக்கை வந்தால் பொழுதிருக்கும்போதே ஆடுகளைக் கான்கிரீட் கட்டடத்துக்கு மாற்றிவிடுவதே நல்லது.

பரணுக்கு அடியில் ஒரு பக்கம் சரியும்படி சிமெண்டு பூசினால் சிறுநீர் வடிந்துவிடும், புழுக்கை காய்கறித் தோட்டத்துக்கு உலர்ந்த எருவாகக் கிடைக்கும். வாரத்துக்கு ஒருமுறை, விடிந்ததும் ஆடுகளை வெளியே விடுமுன் உள்ளே போய், படுத்திருக்கும் ஆட்டின் தலைமட்டத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அம்மோனியா தேங்கியிருக்கிறது. அன்றே அடியில் வாரி, அடைத்த பலகைகளில் மேல் வரிசை ஒன்றைக் கழற்றிவிட வேண்டும்.