கேம் ஆடும்போது கணினி அணைந்துபோகிறதா? சுவர் சாக்கெட்டிலிருந்து தேடத் தொடங்குங்கள்

கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் கணினி பட்டென்று அணைந்துவிட்டால், பலரும் புதிய பவர் சப்ளை (கணினிப் பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பாகம்) வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். கோளாறு வீட்டு மின் இணைப்பிலும் இருக்கலாம் என்பதால், செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள்.

படி 1: அணைந்த கணத்தைக் கவனியுங்கள். ஏசியோ தண்ணீர் மோட்டாரோ ஓடத் தொடங்கும்போது விளக்குகள் மங்கி, கணினியும் அணைந்தால், வீட்டு ஒயரிங் அல்லது வெளியிலிருந்து வரும் மின்சாரத்தின் மீதுதான் சந்தேகம் விழ வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் (Event Viewer) காணப்படும் ‘கெர்னல் பவர் 41’ என்ற குறிப்பு, கணினி முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டுமே சொல்லும். அதை நம்பி எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள்.

படி 2: சாக்கெட்டைப் பாருங்கள். அரை மணி நேரம் ஆடிய பிறகு, கணினியை ஷட்டவுன் செய்து, சுவிட்சையும் அணைத்துவிட்டுப் பிளக்கை உருவுங்கள். அதன் உலோகக் கால்களை அல்லாமல் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பார்க்கும்போது நன்றாகச் சுட்டாலோ, சாக்கெட்டின் துளையோரம் பழுப்பேறியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, உள்ளே பிடிப்பு தளர்ந்துவிட்டது என்று பொருள். 230 வோல்ட்டில் 500 வாட் இழுக்கும் கணினிக்கு 2 ஆம்பியருக்குச் சற்று அதிகமான மின்னோட்டம் போதும். ஆனால் தளர்ந்த இணைப்பில் 2 ஓம் தடை உண்டானால்கூட, அந்தச் சிறிய இடத்தில் 9 வாட்டுக்கு மேல் வெப்பம் சேரும். கணினி அணைவதைவிட இதுதான் எனக்குக் கவலை தருகிறது, ஏனெனில் தீ விபத்து இப்படித்தான் தொடங்குகிறது. அந்தச் சாக்கெட்டை மேற்கொண்டு பயன்படுத்தாமல், எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றிவிடுங்கள்.

படி 3: சுமையோடு அளந்து பாருங்கள். மல்டிமீட்டர் பழக்கமில்லாதவர்கள், சாக்கெட்டில் செருகி அதன்மேல் பிளக்கைச் செருகும் வாட் மீட்டரைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. கணினி சும்மா இருக்கும்போதும், கேம் ஓடும்போதும் வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். கேமைத் தொடங்கியதும் கணிசமாகக் குறைந்து, நிறுத்தியதும் பழைய அளவுக்கு ஏறுவது மீண்டும் மீண்டும் நடந்தால், வழியில் எங்கோ இணைப்பு பலவீனமாக இருக்கலாம்.

படி 4: இடம் மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்து, வேறு அறையின் சாக்கெட்டில் நேரடியாகச் செருகி அதே கேமை ஓட்டுங்கள். அங்கும் அணைந்தால், பவர் சப்ளையையும் சூட்டையும் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது.

கணினிப் பெட்டியின் உலோகத்தில் கை உரசும்போது சுருக்கென்று உணர்ந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். எர்த் இல்லாத சாக்கெட்டில், பவர் சப்ளையில் உள்ள மின் இரைச்சல் வடிகட்டி வழியாகக் கசியும் சிறு மின்னோட்டம் பெட்டிக்கு வந்துவிடும். எர்த்தை நியூட்ரலோடு இணைத்துச் சமாளிப்பது உயிருக்கே ஆபத்து. சரியான எர்த் இணைப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

யுபிஎஸ் இருந்தும் மின்தடையின்போது கணினி அணைகிறதென்றால், அதன் மீதுள்ள விஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவை விட்டுவிட்டு வாட் அளவைப் பாருங்கள். 600 விஏ என்று விற்கப்படும் பல யுபிஎஸ்கள் 360 வாட் வரைதான் தாங்கும். சோதிக்க விரும்பினால், கேமைச் சேமித்து, மற்ற கோப்புகளையும் மூடிய பின் சுவர் சுவிட்சை மட்டும் அணையுங்கள். பிளக்கை உருவினால் எர்த் இணைப்பும் சேர்ந்து போய்விடும்.