‘நல்லா இருந்துச்சுண்ணே’வை நம்பி ஆன்லைன் கோர்ஸை அப்படியே விட்டுவிடாதீர்கள்

சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகளில் இருக்கும் தம்பிகளுக்கு இரவு நேரத்தில் அடிப்படை எக்செல் சொல்லித் தருகிறேன், தமிழில், இலவசமாக. முதல் பேட்ச் முடிந்ததும் கூகுள் ஃபார்ம் அனுப்பினேன். சேர்ந்தது 22 பேர், நிரப்பியது 9 பேர், ஒன்பதிலும் ஐந்துக்கு ஐந்து, கீழே ‘ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே’. இரண்டு நாள் தரையில் கால் படவில்லை. அப்புறம்தான் உறைத்தது: காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிற அண்ணனிடம் யார் முகத்துக்கு நேரே குறை சொல்வார்கள்?

அதனால் ‘திருப்தியா, 1 முதல் 5 வரை’ என்ற கேள்வியை முதலில் தூக்குங்கள். அதற்குப் பதில் ‘எந்த இடத்தில் நிறுத்தித் திரும்பப் பார்த்தீர்கள்?’, ‘அடுத்த பேட்சில் உங்கள் ஊர்க்காரர் சேர்ந்தால் எதற்குத் தயாராக வரச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியில் குறை தானாக வந்துவிடும், ஏனென்றால் அது உங்களைத் திட்டுவது போல இல்லை, நண்பனுக்கு உதவுவது போல இருக்கிறது. டைப் அடிக்கச் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். கோர்ஸ் முடிந்த பிறகு கேட்டால் பலன் அடுத்த பேட்சுக்குத்தான், இரண்டாம் வாரமே கேட்டால் இவர்களுக்கே கிடைக்கும்.

அடுத்தது, அவர்கள் வாயால் சொல்லாமல் விட்டுப்போகும் தடயம். காணொளியை யூடியூபில் போட்டிருந்தால், பட்டியலில் வராதபடி வைத்திருந்தால்கூட, ஸ்டூடியோவுக்குள் போனால் எந்த நிமிடத்தில் பார்வை சரிகிறது என்று ஒரு கோடு காட்டும் (பார்த்தவர்கள் மிகக் குறைவு என்றால் காட்டாது). என் 24 நிமிடக் காணொளி ஏழாவது நிமிடத்திலேயே சரிந்தது. 2014-இல் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கல்வித் தளத்துப் பாடங்களின் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை வைத்துச் செய்த ஆய்விலும் ஆறு நிமிடத்துக்குள் முடிகிற காணொளிகளையே மக்கள் நன்றாகப் பார்த்தார்கள் என்றுதான் வந்தது. சரி, நானும் வெட்டினேன்.

ஆனால் அதே கோட்டில் ஓரிடம் மேலே எழும்பியிருந்தது, பலர் திரும்பத் திரும்பப் பார்த்த இடம். ஆகா, பிடித்துப்போய்ப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு தம்பிக்கு போன் செய்தபோதுதான் தெரிந்தது, அது நான் $B$1 என்று டைப் செய்த இடம் (ஃபார்முலாவை வேறு கட்டங்களுக்கு நகலெடுத்தாலும் B1 கட்டம் மாறாமல் இருக்க எக்செலில் போடும் குறி அது). டாலர் குறியைப் பார்த்ததும் அவர் அதைச் சிங்கப்பூர் வெள்ளி என்று நினைத்து, எத்தனை வெள்ளி என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார்! எந்த இடத்தில் சிக்கல் என்பதுவரைதான் கோடு சொல்லும், என்ன சிக்கல் என்று அதற்குத் தெரியாது, போனை எடுத்தே ஆகவேண்டும்.

க்விஸையும் இப்படித் தோண்டுங்கள். எழுதிய 15 பேரை மதிப்பெண்படி அடுக்கி, மேலே உள்ள ஐந்து பேரும் கீழே உள்ள ஐந்து பேரும் ஒவ்வொரு கேள்விக்கும் என்ன போட்டார்கள் என்று ஒப்பிடுங்கள். கெட்டிக்காரர்கள் தவறவிட்டு மற்றவர்கள் சரியாகப் போட்ட கேள்வி இருந்தால், கோளாறு பெரும்பாலும் கேள்வியில்தான். நான் ‘நிரல்’ என்று எழுதியிருந்தேன். ஏற்கெனவே எக்செல் தொட்டவர்களுக்கு அது ‘காலம்’ (column), நிரலா நிரையா என்று குழம்பிவிட்டார்கள், மற்றவர்களோ குருட்டாம்போக்கில் சரியாகப் போட்டிருந்தார்கள். மூடில் (Moodle) என்ற பாடம் நடத்தும் மென்பொருளைப் பயன்படுத்தினால் இந்தக் கணக்கை அதுவே போட்டுக் கொடுக்கும். ஆள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது சதவீதம் மட்டும் வேண்டாம், தலையை எண்ணுங்கள்.

நடுவில் நின்றுபோன ஏழு பேரைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டமான வேலை, எனக்கு அதிகம் கற்றுத் தந்ததும் அதுதான். ‘ஏன் நிறுத்தினீங்க’ என்று கேட்டால் மன்னிப்புதான் வரும். ‘கடைசியா திறந்தப்ப எங்க இருந்தீங்க, என்ன பண்ணிட்டிருந்தீங்க’ என்று கேளுங்கள். மூன்று பேருக்கு ஒன்பது மணி சமையல் முறை, ஒருவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது. பாடத்தில் குறையே இல்லை, நேரத்தில்தான்.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஒருவரை உட்காரவைத்து, தே தாரிக் (பால் டீ) வாங்கிக் கொடுத்து, அவர் போனிலேயே பாடத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொண்டு பாருங்கள். உதவி செய்யக் கை பரபரக்கும், செய்யாதீர்கள். நான் பார்த்த தம்பி பாஸ்வர்டிலேயே பத்து நிமிடம் போராடினார். எந்த ஃபார்மிலும் இது வந்திருக்காது.

கற்றது உதவியதா என்பது ஒரு மாதம் போனால்தான் தெரியும். சிங்கப்பூர் அரசின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திறன் பயிற்சி மானியம் உள்ள கோர்ஸ்களுக்குக்கூட முடிந்ததும் ஒரு கருத்தாய்வு, சில மாதம் கழித்து இன்னொன்று என்று வைத்திருக்கிறார்கள். என் சோதனை எளிது: அந்த மாத ஓடி (OT, கூடுதல் நேர வேலை) சம்பளத்தை அவரே எக்செலில் போடுகிறாரா? மாத அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி, 52 × 44-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம், ஓடிக்கு அதில் குறைந்தது ஒன்றரை மடங்கு. 800 வெள்ளிச் சம்பளத்துக்கு ஓடி மணிக்குச் சுமார் 6.29 வெள்ளி வருகிறது. இதைப் போட்டுக் காட்டினால் $B$1 புரிந்துவிட்டது என்று அர்த்தம். சம்பளச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், வேறு எண்ணை வைத்துச் செய்யச் சொன்னால் போதும். ஃபார்மில் ஃபின் எண்ணும் (வெளிநாட்டவர் அடையாள எண்) கேட்காதீர்கள், 2019 செப்டம்பரிலிருந்து அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது, நமக்கு அது தேவையும் இல்லை.

இவ்வளவும் கையில் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். ஒருவர் சத்தமாகச் சொன்னார் என்பதற்காக மாற்றாமல், குரல் பதிவு, காணொளிக் கோடு, க்விஸ் இவற்றில் இரண்டு இடத்திலாவது அதே பிரச்சினை தலைகாட்டினால் மட்டும் மாற்றுங்கள் (பாஸ்வர்ட் மாதிரி கதவையே அடைக்கிற சிக்கலுக்கு இந்த விதி கிடையாது, அன்றே சரிசெய்யுங்கள்). ஒரு நேரத்தில் ஒன்று, தேதியோடு நோட்டில் எழுதி, எதை எதிர்பார்த்து மாற்றினோம் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பேட்சில் எது வேலை செய்தது என்றே தெரியாது. மாற்றியதைக் குழுவில் சொல்லவும் வேண்டும்: ‘நீங்க சொன்னதால டாலர் குறிக்குத் தனி காணொளி போட்டிருக்கேன்’ என்று நான் எழுதிய அன்று இரவே நான்கு புதுக் குரல் பதிவுகள் வந்தன, நான்கிலும் குறைதான்.